வரைந்த போல்ட்

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் எதுவும் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, பெயின்ட் கடையின் மாடியில் காலி டின்கள் அடுக்கிய அறையில் கூடுவோம். போர்டு எழுதியவர்கள், எழுத்து வெட்டியவர்கள், டியூப் வளைத்தவர்கள், வெல்டிங் வைத்தவர்கள் என்று ஒரு பத்துப் பேர் தேறும். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்கவில்லை. ஊரில் எந்த போர்டைச் சொன்னாலும் அது என் கைவேலை என்று மூன்று பேர் கிளம்புவார்கள். யார் சொல்வது உண்மை என்று நாங்கள் ஆராய்வதில்லை. ஆராய்ந்தால் அடுத்த மாதம் கூட்டமே கூடாது.

அந்த அறையில் ஒரே பெண் நான்தான். அக்ரிலிக்கில் எழுத்து வெட்டுவது என் வேலை. என்னை ரம்பம் என்று கூப்பிடுவார்கள். கையில் இருந்த கருவிக்காக வைத்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன், என் பேச்சுக்காக வைத்தது என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது நிழல் அண்ணனைப் பற்றி.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் மகளுக்கே சட்டென்று வாயில் வராது. சுவருக்கு வெள்ளை அடிக்கிற வேலையில் ஆரம்பித்தவர். வெள்ளை அடித்த சுவரில் மற்றவன் வந்து எழுதிவிட்டுப் போவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தானே எழுதக் கற்றுக்கொண்டார். எழுத்து சுமார்தான். அதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த எழுத்துக்கு அவர் போட்ட நிழல் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. தட்டைச் சுவரில் எழுத்து கட்டை கட்டையாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு ஜவுளிக்கடைக்காரர், எழுத்தின் மேல்விளிம்பில் தூசி சேர்ந்திருக்கிறது என்று ஆளைவிட்டுத் துடைக்கச் சொன்னார். அந்த ஆளும் துடைப்பத்தோடு ஏறி, வெறும் சுவரைத் தடவிவிட்டு இறங்கினான்.

எந்த எழுத்தானாலும் அவருக்கு வெளிச்சம் வலப்பக்கம் மேலிருந்துதான் வரும். நிழல் இடப்பக்கம் கீழேதான் விழும். மாற்றிப் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டால், எனக்குச் சூரியன் அங்கேதான் உதிக்கிறது, உனக்கென்ன என்பார்.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் மனைவி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாரத்தின் மேலேயும் மகள் சாரத்துக்குக் கீழே பையை மடியில் வைத்துக்கொண்டுமாகவே வருஷங்கள் ஓடின. கம்ப்யூட்டரில் அச்சடிக்கும் பேனர் வந்தபோது தொழில் செத்துவிட்டது என்று எங்களில் பலர் ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அந்த ஒப்பாரி பிடிக்காது. நான் மெஷின் வாங்கினேன், இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டேன். நிழல் அண்ணனுக்கு மெஷின் ஒத்துவரவில்லை. லாரிக்கு நம்பர் எழுதினார், படகுக்குப் பெயர் எழுதினார், கடைசியில் மகள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்.

மருமகனுக்கும் போர்டுத் தொழில்தான். எல்.இ.டி போர்டு. வீட்டின் கீழ்த்தளமே பட்டறை. நல்ல பிள்ளை, வாய் பேசாது. இவர்தான் சும்மா இருக்கமாட்டார். பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம் நின்று, கண் கூசுகிறது மாப்பிள்ளை, எழுத்தைக் காணோமே என்று ஒரு போடு போட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார். மருமகன் மேசை இழுப்பறையைக் கொஞ்சம் பலமாக மூடுவான். நடுவில் கிடந்து அல்லாடியது அந்த மகள்.

கூட்டத்தில் அவர் சொல்லும் கதைகளில் பெரிய கதை, இரண்டு போல்ட் கதை. நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். ஆனாலும் சொல்லச் சொல்லிக் கேட்போம். பேருந்து நிறுத்தத்துக்கு மேலே இருக்கிற மூன்று மாடிக் கட்டடம். அப்போது அங்கே ஒரு பாத்திரக்கடை. விடிந்தால் திறப்பு. போர்டு மாட்ட வந்த ஃபிட்டருக்கு ஏணி என்று பெயர், அவ்வளவு உயரம். சுவரில் இரும்புச் சட்டம், அதில் மேலே மூன்றும் கீழே மூன்றுமாக ஆறு தகடு, தகட்டுக்கு ஒரு போல்ட். கீழ்வரிசை முழுக்க இறங்கிவிட்டது. மேலே ஒன்று இறங்கியது. மற்ற இரண்டு இடத்திலும் துளை போடப்போனால் உள்ளே கான்கிரீட் கம்பி. டிரில் முனை ஒடிந்துபோனது. வேறு முனை வாங்கலாம் என்றால் கடைகள் மூடியாகிவிட்டது. ஏணி அந்த இரண்டு இடத்தையும் பின்பக்கமாகக் கம்பி போட்டு ஜன்னல் கிராதியோடு இழுத்துக் கட்டினார். ஆனால் கடைக்காரர் கீழே நின்று விரல் விட்டு போல்ட்டை எண்ணுகிற ரகம். ஒன்று குறைந்தாலும் எல்லாவற்றையும் இறக்கு என்பார்.

நிழல் அண்ணன் சாம்பல் நிறத்தையும் கறுப்பையும் குழைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். இரண்டு தகட்டிலும் ஆறு பக்கத் தலை, அதன் கீழே வாஷர், அதற்குக் கீழே நிழல். போதாததற்கு ஒரு போல்ட்டிலிருந்து துரு வடிந்த கறையும். கடைக்காரர் கீழே நின்று ஆறு என்று எண்ணி, பிடிமானம் பலமா இருக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாராம். அந்த வாரமே வந்து துளை போட்டு நிஜ போல்ட்டை இறக்கிவிடுகிறேன் என்று ஏணி சொன்னாராம். இந்த இடத்தில் நாங்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

போன முறை கூடியபோதும் சிரித்தோம். டியூப் மட்டும் சிரிக்கவில்லை. டியூப் என்பவர் நியான் குழாய் வளைத்தவர், நிதானமான ஆள், எதையும் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் பேசுவார்.

"அண்ணே, அந்தக் கட்டடத்துலதானே உங்க மாப்பிள்ளை இப்ப புது போர்டு மாட்டியிருக்காரு?"

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை, ஒவ்வொருவராக நிறுத்தினோம். அந்தப் புது போர்டுக்கு எழுத்து வெட்டிக்கொடுத்தது நான். அதன் கனம் எனக்குத் தெரியும். பாத்திரக்கடை போர்டு வெறும் தகரம், இரண்டு பேர் தூக்கிவிடலாம். இது இரும்புப் பெட்டி, ஆள் உயர எழுத்து, உள்ளே வரிசையாகக் கரண்டு சாமான். கப்பி போட்டு இழுத்து ஏற்றினார்கள். பழைய சட்டம் திடமாக இருக்கிறது, அதிலேயே தொங்கவிடுகிறோம், செலவு மிச்சம் என்று மருமகன் என்னிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கீழே பேருந்து நிறுத்தம். மழையோ வெயிலோ, அந்த போர்டின் நிழலில்தான் ஜனம் ஒதுங்கும்.

ஏணி திரும்பிப் போய்ப் போட்டிருப்பான் என்றார் நிழல் அண்ணன். போட்டதாகச் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றால் ஏணி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நிழல் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். டம்ளர் சரிந்து மூடியில்லாத பெயின்ட் டின்னுக்குள் டீ சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். தனியாக விட மனசு வரவில்லை. மருமகன் பட்டறையில் ஏதோ ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான். மாமனார் முதல் தடவையாக எந்தக் குத்தலும் இல்லாமல் அவன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, போல்ட் கதையைச் சொன்னார். ஒரு கதையை அவர் அவ்வளவு மோசமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் ஒயரைக் கீழே வைக்கவே இல்லை. அவனுக்கு அது இன்னொரு குத்தலாகத்தான் பட்டது. அது அவனுடைய முதல் பெரிய வேலை. அதைப் பார்த்து இன்னும் இரண்டு கடைக்காரர்கள் விசாரித்திருந்தார்கள். இப்போது போய் சாரம் கட்டி அவிழ்த்தால், போர்டு மாட்டத் தெரியாதவன் என்று தெருவே பேசும்.

"மாமா, என் வேலை உங்களுக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. அதுக்காக இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம்."

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். அவன் போனை எடுத்து, வேலை தொடங்கும் முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். மேல் தகடுகளை யாரும் தொடவேண்டி வரவில்லை, பெட்டியைச் சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்துதான் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே நின்று படம் எடுத்து, அதில் எண்ணியிருக்கிறான். ஆறு போல்ட், ஒன்றுகூடக் குறையாமல். ஒன்றில் துரு வடிந்த கறைகூடத் தெரிந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் பார்த்தாலாவது அப்படி இப்படி நகர்ந்து பார்த்திருப்பான், படத்தில் போல்ட்டும் படம்தான், போல்ட்டின் படமும் படம்தான்.

நிழல் அண்ணன் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இது காலைல எடுத்ததா மாப்பிள்ளை?"

ஆமாம் என்றான்.

"வெயில் இடப்பக்கத்துலேர்ந்து வருது பாரு. இந்த நாலுக்கும் நிழல் வலப்பக்கம் விழுது. இந்த ரெண்டுக்கும் இடப்பக்கம் விழுது."

மருமகன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். படத்தை இன்னும் பெரிதாக்கினான். பிறகு வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போய் நின்று பார்த்தான். அந்த இரண்டு போல்ட்டுக்கு மட்டும் சூரியன் வேறு பக்கம் உதித்திருந்தது. ஏணி திரும்பிப் போகவே இல்லை. மருமகன் போனில் எண்ணைத் தட்டி, சாரத்துக்கு ஆள் தேடத் தொடங்கினான். அதற்குள் மகள் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

அன்றைக்கே போய் நிறுத்தத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். திங்கட்கிழமை விடிந்ததும் சாரம் ஏறியது. எங்கள் கூட்டத்து வெல்டர் அண்ணன் தன் ஆட்களோடு வந்திருந்தார், டியூப்பும் வந்திருந்தார். பேருந்துக்கு நின்றவர்கள் கயிற்றைப் பார்த்துத் திட்டினார்கள். கடை முதலாளி, வியாபார நேரத்தில் வாசலை அடைக்கிறீர்களே என்று கத்தினார். மருமகன் தானே மேலே ஏறினான். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நிழல் அண்ணன் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

மேல்வரிசையில் முதல் தலையில் ஸ்பானரை வைத்தான், கவ்வியது. நகர்ந்து இரண்டாவதில் வைத்தான். ஸ்பானர் தகட்டில் வழுக்கி ஓடிப் பக்கத்துச் சட்டத்தில் இடித்தது. மூன்றாவதிலும் அப்படித்தான். அவன் கையால் தடவிப் பார்த்தான். பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கீழே இருந்த ஆட்களை இன்னும் தள்ளி நிற்கச் சொன்னான். ஏணி கட்டிய கம்பியில் ஒன்று அறுந்து தொங்கியது. மற்றது துருப்பிடித்து நூலாகியிருந்தது. சட்டம் அந்தப் பக்கம் சுவரைவிட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகி வந்துவிட்டது. மேல்பக்கத்து இழுப்பு முழுக்க ஓரத்தில் இருந்த ஒரே ஒரு போல்ட்டில். அதை அவன் மேலேயிருந்து சொன்னபோது, அதுவரை கத்திக்கொண்டிருந்த முதலாளி சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டார்.

முட்டுக்கொடுத்து, புது இடத்தில் துளை போட்டு, விரல் தடிமன் போல்ட்டாக நாலை இறக்கி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. அவன் இறங்கி வந்தபோது தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவன் மாமனாரைத் திட்டினால் எதிர்த்துப் பேச வேண்டும் என்று. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"மாமா, இது ஒண்ணுதானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏணி சும்மா இருக்கிற ஆளா? இந்த வித்தையை ஊரெல்லாம் சொல்லியிருப்பார். டிரில் முனை ஒடிந்தால், போல்ட் பத்தாமல் போனால், நேரம் இல்லாவிட்டால், நிழலைக் கூப்பிடு என்று ஆகியிருக்கும். கூப்பிட்டால் இவர் போவார். எழுதக் கூப்பிட்டாலும் போவார், வரையக் கூப்பிட்டால் இன்னும் சந்தோஷமாகப் போவார். யாராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். வேலை முடிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

நிழல் அண்ணன் எங்களைத்தான் பார்த்தார், ஒவ்வொருவராக. யார் யாருக்கு வரைந்தார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. டியூப் கண்ணை விலக்காமல் அவரைப் பார்த்தார். வெல்டர் அண்ணன் குனிந்து, தேவையே இல்லாமல் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை நிழல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்திருக்கிறார் இந்த மனுஷன். வாயில் பூட்டா போட்டிருக்கிறது என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

வெல்டர் அண்ணன் நிமிரவில்லை. "மருந்துக்கடை மாடி போர்டு. நாளைக்குப் போய் போட்டுக்கலாம்னு இருந்தேன். அப்புறம் போகவே இல்ல."

மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. வேனில் ஏறிப் போனோம். அங்கே இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் அகலமான படிகள். மருந்துக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள், டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள் என்று எப்போதும் அந்தப் படியில் ஆள் உட்கார்ந்திருக்கும். அதற்கு நேர் மேலே போர்டு. பழைய தகரத்தின் மேலேயே மூன்று தரம் புது போர்டு ஏற்றி, முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, பழைய சட்டத்தில் வரிசையாகப் போல்ட் தலைகள்.

எத்தனை வரைந்தீர்கள், எது எது என்று மருமகன் கேட்டான். நிழல் அண்ணன் எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தார். பக்கவாட்டில் நடந்து பார்த்தார். சாயங்கால வெயில் வலப்பக்கம் மேலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. எல்லாப் போல்ட்டுக்கும் நிழல் இடப்பக்கம் கீழே, அவர் போடுகிற மாதிரியே விழுந்திருந்தது.

"எனக்கே தெரியல மாப்பிள்ளை."

சாரத்தை அவிழ்த்துக் கொண்டுவர ஆட்களை அனுப்பினான் மருமகன். வர நேரமாகும் என்றார்கள். கடையில் இருந்த பையன், முதலாளி ஊரில் இல்லை, அவரைக் கேட்காமல் வாசலை மறிக்க முடியாது என்றான். வெல்டர் அண்ணனும் டியூப்பும் அவனிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மருமகன் கயிறு எடுக்க வேனுக்கு ஓடினான். நிழல் அண்ணன் யாருக்கும் காத்திருக்கவில்லை. படி ஏறிப் போய், உட்கார்ந்திருந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு எழுப்பத் தொடங்கினார். சிலர் எழுந்தார்கள், சிலர் முறைத்தார்கள். ஒருவர், குடித்திருக்கிறாயா பெரியவரே என்று கேட்டார். கீழ்ப்படியில் காதில் ஒயர் மாட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் அசையவில்லை. அவர் அவள் தோளைத் தொட்டார். அவள் ஒயரை எடுத்துவிட்டு, என்ன என்பது போல் பார்த்தாள்.

"மேல போர்டு சரியில்லம்மா. இங்க உக்காராத."

அவள் தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு தாத்தா. போல்ட் எல்லாம் போட்டிருக்காங்களே."

"அது போல்ட் இல்லம்மா. நான் வரைஞ்சது."

அவள் மறுபடியும் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "சும்மா சொல்லாதீங்க. பாத்தாலே தெரியுது, நிஜ போல்ட்தான்."

வேலை முடிந்து சாரத்திலிருந்து இறங்கினால், பெயின்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் போலத் தெருவில் நின்று இந்த ஒரு வார்த்தைக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பார் அந்த மனுஷன். வாழ்நாள் முழுக்க அப்படிக் காத்திருந்தார். இப்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தார். இல்லம்மா, சொல்றதைக் கேளு, எழுந்திரு என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துப் படியிலிருந்து இழுத்தார்.